திண்ணை என்று எழுத ஒரு பேனா

வேளச்சேரியில் நான்காவது மாடியில் வீடு வாங்கிய நண்பர் ஒருவர் அந்த வீட்டுக்குத் 'திண்ணை' என்று பெயர் வைத்தார். அடுக்குமாடிக் குடியிருப்பில் திண்ணைக்கு ஏது இடம் என்று கேட்டேன். இடம் இல்லாததால்தான் பெயராவது இருக்கட்டும் என்றார். வாசற்கதவுக்குப் பக்கத்தில் மாட்ட ஒரு பெயர்ப்பலகை வேண்டும், அதை நான் கையால் எழுதித் தரவேண்டும் என்பது அவருடைய விருப்பம். வார நாட்களில் கணக்குப் பார்ப்பதும் ஞாயிற்றுக்கிழமைகளில் எழுத்து வரைவதுமாகக் காலம் தள்ளுகிறவன் நான். ஒரே ஒரு சொல்தானே, இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன். பலகை அவர் வீட்டுச் சுவரில் ஏறுவதற்கு ஏழு மாதங்கள் ஆயின.

தாமதத்துக்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. அந்தச் சொல்லே காரணம். பள்ளிக்கூடத்தில் 'ரெண்டு சுழி ன, மூணு சுழி ண' என்று சொல்லிக்கொடுத்த கணக்குப்படி பார்த்தால், 'திண்ணை'யில் ஒற்றெழுத்துக்கு மூன்று சுழி, அதை அடுத்து வரும் சங்கிலிக் கொம்புக்கு இரண்டு, கடைசி எழுத்துக்கு மூன்று என்று மொத்தம் எட்டுச் சுழிகள் வருகின்றன. நான்கே உருவங்கள் கொண்ட ஒரு சொல்லில் எட்டு இடங்களில் கோடு தன்மேலேயே வளைந்து திரும்புகிறது. அந்த எட்டு இடங்களிலும் உள்ளே கொஞ்சம் வெள்ளை மிச்சம் இருந்தால்தான் அது எழுத்து, இல்லாவிட்டால் கறுப்புக் கட்டி. பேனா, தாள், வண்ணம் ஆகிய மூன்றையும் தேர்ந்தெடுப்பதற்கு எனக்கு இப்போது இருப்பது ஒரே அளவுகோல்தான்: அதைக்கொண்டு 'திண்ணை' என்று எழுதினால் எட்டுச் சுழியும் திறந்திருக்கின்றனவா என்று பார்ப்பேன்.

கையெழுத்துக் கலை பற்றிய கையேடுகளும் காணொளிகளும் பெரும்பாலும் ரோமன் எழுத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. பட்டை முனைப் பேனா கொண்டு சாய்வெழுத்து எழுதும்போது சிற்றெழுத்தின் உயரம் முனை அகலத்தைப்போல் ஐந்து மடங்கு இருக்கவேண்டும் என்பது அவற்றில் திரும்பத் திரும்ப வரும் விதி. என்னிடம் பைலட் பேரலல் பேனாக்கள் 1.5, 2.4, 3.8, 6.0 மி.மீ. ஆகிய நான்கு அளவுகளில் இருக்கின்றன. இரண்டு உலோகத் தகடுகளை அருகருகே வைத்து, நடுவே மை இறங்கும்படி செய்த பேனா இது. மை சீராக வரும், தொடங்குகிறவர்களுக்கு நல்ல துணை. பெரியதாக எழுதினால் அழகாக இருக்கும் என்ற ஆசையில் முதலில் 6.0 மி.மீ. பேனாவை எடுத்து, ஐந்து மடங்கு விதிப்படி 30 மி.மீ. உயரத்தில் 'ண' எழுதினேன். முதல் சுழி அப்பிக்கொண்டது. அதற்கடுத்த வளைவுகளுக்கு நடுவே நூல் நுழையும் இடைவெளிகூட இல்லை. என் கைதான் சரியில்லை என்று நினைத்து ஒரு மாதம் பயிற்சி செய்தேன் என்பதை இப்போது சொல்லும்போது சிரிப்பு வருகிறது.

கையில் குற்றமில்லை, கணக்கில்தான் குற்றம். ரோமன் எழுத்தில் மிக நெருக்கமானது என்று எதைச் சொன்னாலும் அது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூன்று தூண்கள் நிற்பதுபோல்தான் இருக்கும். 'ண'வில் இடமிருந்து வலமாக ஒரு கோடு கிழித்துப் பார்த்தால், அதைக் குறுக்கே வெட்டிப் போகும் கோடுகள் குறைந்தது ஐந்து இருக்கும். ஆகவே உயரம் முனை அகலத்தைப்போல் எட்டு மடங்காவது வேண்டும் என்பது என் அனுபவம். 6.0 மி.மீ. பேனாவுக்கு அப்படிக் கணக்கிட்டால் உயரம் 48 மி.மீ. ஆகிறது; அந்த உயரத்தில் 'திண்ணை' 210 மி.மீ. அகலமுள்ள ஏ4 தாளில் அடங்காது. 1.5 மி.மீ. பேனாவுக்கு 12 மி.மீ. உயரம் போதும், வாழ்த்து அட்டைக்கும் சான்றிதழுக்கும் அது பொருத்தமான அளவு. தமிழ் எழுதுவதற்காகப் பட்டை முனைப் பேனா வாங்குகிறவர்கள் சிறிய அளவிலிருந்து தொடங்குவது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான். பெரிய அளவுகளைக் கடைக்காரர் ஆசை காட்டித்தான் விற்பார்.

முனையை எந்தக் கோணத்தில் பிடிப்பது என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. 2.4 மி.மீ. முனையை எழுதும் வரிக்கு 45 பாகையில் பிடித்தால் செங்குத்துக் கோடும் படுக்கைக் கோடும் ஏறத்தாழ 1.7 மி.மீ. என்று ஒரே தடிமனில் விழும். 30 பாகைக்கு இறக்கினால் செங்குத்துக் கோடு 2.1 மி.மீ. ஆகவும் படுக்கைக் கோடு 1.2 மி.மீ. ஆகவும் மாறும். ப, ட, ம போன்ற எழுத்துகளுக்கு நீளமான அடிக்கோடு உண்டு. அது மெலிந்து, தூண்கள் தடிப்பாக நின்றால் எழுத்துக்கு ஒரு நிமிர்வு வருகிறது. எனக்கு 30 பாகை பிடிக்கிறது. சுழிக்குள் நுழையும்போது மட்டும் விரலிடுக்கில் பேனாவைக் கொஞ்சம் உருட்டிக் கோட்டை மெலிதாக்கிக்கொள்வேன். எந்தக் கையேடும் இதைச் சொல்லவில்லை. தப்பாட்டம் என்றுகூடச் சிலர் சொல்லலாம்.

தமிழ் எழுத்து தடிப்பும் மெலிவுமாக வளர்ந்த எழுத்து அன்று என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். பனையோலையில் எழுத்தாணியால் கீறி, அந்தக் கீறலில் கரியைத் தேய்த்து எழுத்தைத் தெரியவைத்தார்கள். ஆணி முனை எப்படித் திரும்பினாலும் கோட்டின் தடிமன் ஒன்றுதான். பெசன்ட் நகரில் இருக்கும் உ.வே.சாமிநாதையர் நூல் நிலையத்தில் ஓர் ஏட்டைக் கண்ணாடிக்குள் பார்த்தபோது, அரிசி அளவு எழுத்தில்கூடச் சுழி மூடாமல் இருந்தது எனக்கு வியப்பாக இருந்தது. கோட்டின் மெலிவுதான் அதைக் காப்பாற்றியிருக்கிறது. இதற்கு நேர்மாறான காட்சியைத் திருவல்லிக்கேணியில் காணலாம். 1927-இல் தொடங்கி, பல பத்தாண்டுகள் கையாலேயே எழுதி அச்சேற்றப்பட்ட 'தி முசல்மான்' உருது நாளிதழ் அங்கேதான் வெளிவந்தது. உருது எழுத்து வெட்டு முனையிலேயே பிறந்து வளர்ந்தது. பேனாவின் அகலம்தான் அதன் அழகு. நமக்குப் பட்டை முனை விருந்தாளி. அதற்கு நாம் இடம் ஒதுக்கித்தான் தரவேண்டும்.

ஆகவே ஒரே தடிமனில் எழுதும் கருவிகளைத் தாழ்வாக எண்ணவேண்டியதில்லை. வட்ட முனை கொண்ட ஸ்பீட்பால் பி வரிசை நிப்புகளோ, நிறமி மை கொண்ட பிக்மா மைக்ரான் பேனாவோ எழுத்தாணியின் நேர் வாரிசுகள். மைக்ரானில் 01 என்று போட்டிருந்தால் கோடு 0.25 மி.மீ. என்றும், 08 என்றால் 0.5 மி.மீ. என்றும் கொள்ளவேண்டும், அந்த எண்ணை மில்லிமீட்டர் என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். கூர் நிப்புகளில் நிக்கோ ஜி எனக்குப் பிடித்தது. அழுத்தினால் இரண்டு காலும் விரிந்து கோடு தடிக்கும், விட்டால் மயிரிழையாகும். ஆனால் இடப்பக்கம் மேலேறும் வளைவுகளில் அது தாளைக் குத்திக்கொண்டு மையைச் சிதறும், நம் எழுத்தில் அத்தகைய வளைவுக்குப் பஞ்சமே இல்லை. புதிய நிப்பின்மேல் துரு பிடிக்காதிருக்க எண்ணெய்ப் பூச்சு இருக்கும். பற்பசை தேய்த்துக் கழுவாமல் தோய்த்தால் மை முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். பிரஷ் பேனாவைப் பற்றி இரண்டு வரி போதும். முனை கெட்டியாக இருப்பதையே வாங்குங்கள், டோம்போ ஃபுடேனோசுகேவில் அப்படி ஒன்று கிடைக்கிறது. சொரசொரப்பான தாளில் எழுதினால் அதன் முனை ஒரே வாரத்தில் துடைப்பமாகிவிடும்.

இனித் தாள். பேனாவுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டுத் தாளுக்குக் கணக்குப் பார்க்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நானே அப்படித்தான் இருந்தேன். என் கருத்தில் இது தலைகீழ். நல்ல தாளில் மூங்கில் குச்சியைச் சீவி எழுதினாலும் சுழி திறந்திருக்கும். மோசமான தாளில் எந்தப் பேனாவும் தோற்றுவிடும்.

பாரிமுனையில் ஆண்டர்சன் தெரு என்று ஒன்று இருக்கிறது. தாள் வாங்க வேண்டுமானால் சென்னையில் வேறெங்கும் போகவேண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவே ரீம் ரீமாகத் தாள் அடுக்கிய கடைகள், வாசலில் மீன்பாடி வண்டிகள், உள்ளே தாளை வெட்டும் இயந்திரத்தின் சத்தம். அங்கே போனால் முதலில் கேட்கப்படும் கேள்வி "எத்தனை ஜிஎஸ்எம் சார்?" என்பதுதான். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதைத்தான் அந்த எண் சொல்கிறதே தவிர, மையை அது எப்படித் தாங்கும் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. 300 ஜிஎஸ்எம் நீர்வண்ணத் தாளின் மேடு பள்ளத்தில் கூர் நிப்பு தடுக்கி விழுவதையும், 100 ஜிஎஸ்எம் பாண்டு தாளில் அதே நிப்பு வழுக்கிக்கொண்டு போவதையும் பார்த்தால் இது விளங்கும். மை இழைகளுக்குள் ஊறிப் பரவாமல் தடுப்பது தாளில் சேர்க்கப்படும் பசை. அது குறைந்தால் கோட்டின் இரு பக்கமும் பூனை மீசைபோல் இழை இழையாக மை ஓடும். வெளிக்கோட்டில் மீசை முளைத்தால் பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். சுழிக்குள் முளைத்தால் எழுத்தே போய்விடும்.

ஒரு பெரிய எழுதுபொருள் கடையில், உறையின்மேல் கையெழுத்துக் கலைக்கென்றே செய்தது என்று அச்சிட்டிருந்த தாள் கட்டு ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து எழுதினால் எட்டுச் சுழியில் ஐந்து மூடிக்கொண்டன. அன்றிலிருந்து எழுதிப் பார்க்காமல் தாள் வாங்குவதில்லை. ஆண்டர்சன் தெருவில் சில்லறையாக ஒரு தாள் கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஆனாலும் கழிவுத் துண்டு ஒன்றைக் கேட்டால் தந்துவிடுவார்கள். பையிலிருந்து பேனாவை எடுத்து அங்கேயே நின்று இரண்டு பக்கத்திலும் எழுதிப் பார்ப்பேன். இரண்டு பக்கமும் ஒன்றல்ல: தாள் செய்யும்போது கம்பி வலைமேல் படிந்த பக்கம் சற்றுச் சொரசொரப்பாகவும் மறுபக்கம் மென்மையாகவும் இருக்கும். நீர்க்குறி உள்ள பாண்டு தாளை வெளிச்சத்தில் பிடித்து, எந்தப் பக்கம் எழுத்து நேராகத் தெரிகிறதோ அதில் எழுதவேண்டும்.

பயிற்சிக்கு வீட்டிலிருக்கும் நகல் தாள் போதும். கரூருக்கு அருகே காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து டிஎன்பிஎல் ஆலை செய்யும் தாளில்தான் என் பயிற்சி முழுவதும் நடக்கிறது. கோடு போட்ட தாளை அடியில் வைத்தால் மேலே தெரியும் என்பது அதில் ஒரு வசதி. பருத்தித் துணிக் கழிவிலிருந்து புதுச்சேரியில் செய்யும் கைத்தாளுக்கு ஓரம் பிசிறு பிசிறாக, கையில் எடுத்தாலே எழுதத் தோன்றும் அழகு உண்டு. ஆனால் கூர் நிப்பில் அதன் நார் மாட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட தாளுக்கு வீட்டு வைத்தியம் ஒன்று வைத்திருக்கிறேன். சோறு வடித்த கஞ்சியை நன்றாக நீர்த்து, வடிகட்டி, அகலமான பிரஷ்ஷால் ஒரு பூச்சுப் பூசிக் காயவைத்து, பிறகு வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்துவிடுவேன். நம் நாட்டில் ஓவியச் சுவடிகளுக்கான தாளைக் கஞ்சியிட்டுக் கல்லால் மெருகேற்றித்தான் பயன்படுத்தினார்கள். வேட்டிக்குக் கஞ்சி போடுகிற நமக்கு இது பெரிய வித்தையில்லை.

சென்னையின் ஈரம் தனி விவகாரம். பங்குனியில் ஒழுங்காக நடந்துகொண்ட அதே தாள் ஐப்பசி மழையில் மீசை விடும், ஓரம் சுருளும். மீதித் தாளைக் காற்றுப் புகாத உறையில், மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களோடு வைத்திருக்கிறேன். வெயில் காலத்தில் தொல்லை வேறுவிதம். உள்ளங்கை வியர்வையும் எண்ணெய்ப்பசையும் பட்ட இடத்தில் மை ஒட்டாமல் கோடு விட்டுவிட்டு விழும். கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாளை எப்போதும் வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. வியர்க்கிறதே என்று மின்விசிறியை வேகமாக வைத்தால் நிப்பிலேயே மை காய்ந்துபோகும்.

மையில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். ஊற்றுப் பேனா மை சாயம். கரியும் அரக்கும் கலந்த இந்தியன் இங்க் வேறு சாதி. அது நீரில் கரையாது, வெளுக்காது, ஆனால் ஊற்றுப் பேனாவிலோ பேரலல் பேனாவிலோ ஊற்றினால் உள்ளே இறுகிப் பேனா குப்பைக்குத்தான் போகும். தோய்த்து எழுதும் நிப்புக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். கேம்லின் நிறுவனத்தின் கேமல் நீர்புகா வரைபட மை எந்தக் கடையிலும் கிடைக்கும், அதன் கறுப்பில் எனக்குக் குறையில்லை.

நிறம் வேண்டுமென்றால் போஸ்டர் கலரோ குவாஷோ நல்லது. இரண்டும் பிசின் கலந்த, தண்ணீரில் கரையும் வண்ணங்கள். குவாஷில் நிறமி அதிகம், போஸ்டர் கலரில் நிரப்புப் பொடி அதிகம். போஸ்டர் கலர் காய்ந்தபின் விரலில் பொடியாக ஒட்டினால் கரைசலில் ஒரு சொட்டுப் பிசின் சேர்த்தால் சரியாகும். எந்தப் பதத்துக்குக் கரைப்பது என்பதுதான் கேள்வி. பாலைவிடக் கெட்டியாக, மோரைவிடக் கொழுகொழுப்பாக, தோசை மாவைவிட நீர்க்க என்று நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். கெட்டியானால் சுழிக்குள் திரண்டு நிற்கும், நீர்த்தால் சுழியில் குளம் கட்டிக் காயும்போது ஓரத்தில் கறை விழும். நிப்பை வண்ணத்தில் தோய்க்காமல், சிறிய பிரஷ்ஷால் எடுத்து நிப்பின் முதுகில் தடவினால் அளவு கைக்குள் நிற்கும். அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக், திரும்பக் கரையாது. அதனால் நான் இழந்த பிரஷ்கள் மூன்று.

பலகைக்கு வருகிறேன். தேக்குப் பலகையில் முதலில் அக்ரிலிக் மார்க்கரால் எழுதி, அது மர ரேகையில் ஓடிக் கெட்டது. இரண்டு முறை இழைத்து அழித்தபின், திருவல்லிக்கேணியில் ஒரு சந்தில் இன்னும் போர்டு எழுதிக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். எத்தனையோ ஆட்டோக்களின் முதுகில் 'பிரசவத்துக்கு இலவசம்' என்று எழுதிய கை அவருடையது. ஃப்ளெக்ஸ் வந்தபிறகு வேலை பாதிகூட இல்லை என்றார். என் பலகையை வாங்கிப் பார்த்தார்.

"அண்ணே, எனாமல்தான் சரியா?" என்று கேட்டேன்.

"எனாமல்தான். மொதல்ல பிரைமர் அடி, உப்புத்தாள் போடு. பெயிண்ட் எது வேணா இருக்கட்டும் தம்பி, பிரஷ் சுழிக்குள்ள போய்த் திரும்பி வரணும். போக எடம் இல்லன்னா எழுத்து அடைச்சுக்கும். நீ கோட்டையே பாக்குற. ஓட்டையைப் பாரு."

அவர் எடுத்துக்காட்டிய பிரஷ் அணில் முடியில் செய்தது. முடி நீளம், முனை தட்டை, அகலம் சுழியின் விட்டத்தில் கால் பங்குக்கும் குறைவு. நீள முடி நிறைய வண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, வளைவு முழுவதையும் ஒரே இழுப்பில் முடிக்கிறது. குட்டை முடி பாதியில் வறண்டு, மறுபடி தொட்டு ஒட்டுப்போட வைக்கிறது. எனாமலில் டர்பன்டைனைச் சில சொட்டுகள் மட்டும் விட்டார். கைக்கு முட்டுக்கொடுக்க ஒரு குச்சியைக் குறுக்கே வைத்து, 'ண'வை வெளியிலிருந்து தொடங்காமல் முதல் சுழியின் உள்வட்டத்திலிருந்து தொடங்கினார். உள்ளே இருக்கும் வெள்ளையை முதலில் வரைந்து முடித்துவிட்டு, கோட்டை அதற்கு வெளியே தடிக்க வைத்தார். நான் ஐந்து மாதமாகச் செய்ததற்கு நேர் எதிர்.

இடையில் நண்பரின் அப்பா ஒரு நிபந்தனை வைத்தார். 'ணை'யைப் பழைய முறையில், சங்கிலிக் கொம்புக்குப் பதிலாக யானைத் தும்பிக்கைபோல் ஒரு வளைவு வைத்து எழுதவேண்டும் என்றார். 1978-இல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று மாற்றிய பதின்மூன்று வடிவங்களில் அதுவும் ஒன்று. அவர் படித்தது அதற்கு முன்பு. கணினியின் வழக்கமான எழுத்துருக்களில் அந்த வடிவம் வராது, கைக்குத் தடையில்லை. எழுதிப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது: சங்கிலிக் கொம்பின் இரண்டு சுழியும் போய்விட்டதால் சொல்லுக்கு மூச்சுவிட இடம் கிடைத்திருந்தது. சீர்திருத்தத்துக்கு நான் எதிரியல்லன், தட்டச்சுக்கும் அச்சுக்கும் அது செய்த நன்மை பெரிது. இந்த ஒரு பலகையில் மட்டும் நண்பரின் அப்பா சொன்னதே சரி என்று பட்டது. கறுப்புத் தளத்தில் மஞ்சள் எனாமலில், தும்பிக்கையோடு எழுதி முடித்தேன். சிவப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், வெயில் படும் வாசலில் அதுதான் முதலில் வெளுக்கும்.

போன மாதம் பாண்டு தாள் வாங்க மறுபடி ஆண்டர்சன் தெருவுக்குப் போயிருந்தேன். வழக்கம்போல் துண்டுத் தாள் கேட்டு வாங்கி, கல்லாப்பெட்டியின் ஓரத்தில் வைத்து எழுதிப் பார்த்தேன். கடைப் பையன் எட்டிப் பார்த்தான்.

"சார், போன வாட்டியும் திண்ணைதான் எழுதினீங்க. வீடு கட்றீங்களா?"

"இல்லப்பா. நாலாவது மாடி."

அவன் ஒன்றும் புரியாமல், வெட்டுக் கழிவிலிருந்து இன்னும் ஐந்தாறு துண்டுகளை எடுத்து என் பக்கம் தள்ளினான்.